உபயமும் ஊருணியும்

2018 ஆகஸ்ட் மாதம். நாங்கள் எட்டுப் பேர் ஒரு வேனில் பத்துக் கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு, செய்யூர் பக்கம் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்குப் போனோம். சோழிங்கநல்லூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனிக்குப் புது மெஷின்கள் வந்திருந்தன. பழசை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, "ஏதாவது ஸ்கூலுக்குக் குடுத்துடலாமே" என்று முதலில் சொன்னது நான்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தவற்றில் என் பங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு சனி, ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினையும் துடைத்தோம். ஹார்ட் டிஸ்கை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டோம். தமிழ்99 விசைப்பலகை, படம் வரைய டக்ஸ் பெயின்ட், கொஞ்சம் கணக்கு விளையாட்டு. உண்மையிலேயே சந்தோஷமாகச் செய்த வேலை அது. பள்ளியில் இறங்கியதும் ஹெச்.எம். டீச்சர் எல்லோருக்கும் துண்டு போர்த்தினார். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு மானிட்டரின் மூலையிலும் கம்பெனி பெயர் போட்ட ஸ்டிக்கர். கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெரிசாக எழுதி, வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்கள் இல்லையா? அதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவன் நான். அன்றைக்கு ஸ்டிக்கர் கோணலாக இருக்கிறது என்று பிரித்து ஒட்டியதும் நான்தான்.

போனோம், இறக்கினோம், போட்டோ எடுத்தோம், வந்தோம். பத்து மெஷினும் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். பொறுப்பாக நடந்துகொண்டோம் என்றே நினைத்தேன்.

*

2019 மார்ச்சில் புதுச்சேரி போகும் வழியில், சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்தும் வரிசையாக, பழைய புடவையில் தைத்த உறை போட்டு உட்கார்ந்திருந்தன. உறைமேல் தூசி. ஹெச்.எம். அன்றைக்கு ஒன்றியத்தில் மீட்டிங் என்று வெளியே போயிருந்தார். ஓர் ஆசிரியை, "சாவி அவங்ககிட்டதான் சார் இருக்கு" என்றார். "யூஸ் பண்றதில்லையா?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

கார் திண்டிவனம் தாண்டுவதற்குள் பேஸ்புக்கில் எழுதி முடித்துவிட்டேன். ஜன்னல் வழியாக எடுத்த படத்தையும் போட்டேன். கொடுக்க நாம் தயாராக இருந்தாலும் வாங்கிப் பயன்படுத்தத் துப்பில்லாத ஆசிரியர்கள், சம்பளம் மட்டும் சரியாக வாங்குகிறவர்கள், இந்த ரீதியில். பள்ளி பெயரை எழுதவில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் படத்தின் ஓரத்தில், சுவரில் பள்ளியின் பெயர் பாதி தெரிந்தது. நான் கவனிக்கவில்லை. வேறு யாரோ கவனித்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் பகிர்ந்தார்கள். அதுவரை நான் எழுதிய எதற்கும் அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

மூன்று வாரம் கழித்து ஹெச்.எம். போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "சார், அந்தப் படத்த வெச்சு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கு. பதில் எழுதணும். நீங்க மெஷின் குடுத்த தேதி கரெக்டா என்னன்னு சொல்றீங்களா?" அவ்வளவுதான்.

*

அடுத்த சனிக்கிழமையே போனேன். அவர் அறையைத் திறந்து, ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கள் பத்து கம்ப்யூட்டரும், பத்து மவுஸும், பத்து கீபோர்டும், ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக, அவர் கையெழுத்தில். அரசுப் பள்ளியில் ஒரு பொருள் அந்த நோட்டில் ஏறிவிட்டால் அது தலைமை ஆசிரியர் பொறுப்பு. காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், கையிலிருந்து பணம் கட்ட வேண்டியும் வரலாம். கெட்டுப்போனாலும் தூக்கிப் போட முடியாது. உபயோகமற்றது என்று எழுதி, மேலே அனுமதி வாங்கிக் கழிக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கு வாட்ச்மேன் கிடையாது. ராத்திரி கேட்டைத் தாண்டிக் குதிப்பது எட்டாவது படிக்கும் பையனுக்கே சுலபம். நாங்கள் பரிசு என்று நினைத்து இறக்கியதெல்லாம் அவர் தலையில் முப்பது வரிக் கடனாக ஏறியிருந்தது.

ஆனால் பூட்டியதற்குக் காரணம் அது இல்லை.

"ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓட்டினோம் சார். அக்டோபர்ல மழை. ஆறாவது படிக்கிற பொண்ணு, ஈரத் தரையில வெறுங்கால்ல நின்னுட்டு அந்த டப்பாவத் தொட்டுச்சு. ஷாக் அடிச்சுக் கைய உதறி விழுந்துடுச்சு. ஒண்ணும் ஆகல, நல்ல வேளை. அவங்க அம்மா வந்து ஒரே அழுகை. நான் அன்னிக்கே பூட்டிட்டேன்."

எனக்குக் காது அடைத்துப்போனது. ஏனென்றால் அவர் சொல்லி முடிக்கும்போதே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில், மின்சார இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியாகக் கொஞ்சம் கரன்ட் எப்போதும் வெளியே இருக்கும் இரும்புப் பெட்டிக்குக் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது பூமிக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லையென்றால் பெட்டியிலேயே நிற்கும். ஒரு மெஷின் என்றால் விரலில் சுரீர் என்பதோடு போகும். பத்து மெஷினையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஒன்றோடொன்று கோர்த்தால், பத்தின் கசிவும் ஒரே எர்த் கம்பியில் சேர்ந்துகொள்ளும். கோர்த்தது நாங்கள். அந்தக் கட்டடத்தில் எர்த்தே கிடையாது. மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. எட்டு இன்ஜினியர்கள் போயிருந்தோம். ஒருத்தரும் ஒரு டெஸ்டரைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"ஆசையா கொண்டுவந்து குடுத்தீங்க. உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல." கொஞ்சம் நேரம் கழித்து, முதல் தடவையாக 'சார்' போய் 'தம்பி' வந்தது. "நீங்க எழுதறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே, தம்பி."

பதிவை நீக்கினேன். நடந்தது முழுவதையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதைப் பதினொரு பேர் பகிர்ந்தார்கள். அவருடைய மெமோவுக்குத் தவறு எங்களுடையது என்று நானும் கடிதம் எழுதிக் கொடுத்தேன், விஷயம் அதோடு முடிந்தது. எனக்குள் முடியவில்லை.

*

அன்றிலிருந்து ஒரு கேள்வி கூடவே வருகிறது. நல்ல எண்ணத்தோடு, சொந்த நேரத்தைச் செலவழித்து, பலன் எதிர்பாராமல் கொடுத்த ஒன்று எப்படித் தப்பாகப் போனது? எர்த் பார்க்காதது கவனக்குறைவு, சரி. ஆனால் அவர் எங்களிடம் வாய் திறக்காததற்கு அதுவா காரணம்?

எனக்குத் தோன்றுவது இது: அவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் இடமே நாங்கள் விட்டுவைக்கவில்லை. வேன் வாசலில் நிற்கிறது. பிள்ளைகள் ஆவலாக எட்டிப் பார்க்கிறார்கள். பேனரில் பள்ளியின் பெயர் அச்சாகி வந்துவிட்டது. அந்த நேரத்தில் "முதல்ல வயரிங்கைப் பாக்கணும், இப்ப வேணாம்" என்று ஒரு தலைமை ஆசிரியை சொன்னால், கிராமத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தடுத்தவர் என்று அவரைத்தான் சொல்வோம். நானே சொன்னேனே! மறுக்க முடியாத இடத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது நம் எண்ணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதில் ஒரு கட்டளையின் சாயல் வந்துவிடுகிறது.

மறுக்கும் பலம் யாருக்கு உண்டு என்று பாருங்கள். 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபான்டே, உலகத்தின் ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் நூறு டாலர் மடிக்கணினி என்ற திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டே இந்திய அரசு அதில் சேர மறுத்துவிட்டது. ஓர் அரசாங்கத்தால் அப்படிச் சொல்ல முடிந்தது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. மடிக்கணினி வந்த பள்ளிகளில் கணக்கிலோ மொழிப் பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பொருள் போய்ச் சேர்ந்தது. அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஆசிரியர் பயிற்சியும் இணையமும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அதைப் படித்தபோது எனக்குப் புடவை உறை போட்ட பத்து பெட்டிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் வரும். குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. உன் துணி நனையும் என்று நீ யோசிக்கலாமா? இறங்கித் தூக்கு. பல வருஷம் என்னை ஆட்டிவைத்த உதாரணம் இது. இன்றும் அதை மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் குளத்துக் குழந்தையை ஒரே ஒருமுறை தூக்கினால் போதும். மறுபடி போய்ப் பார்க்க வேண்டியதில்லை, அதனிடம் என்ன வேண்டும் என்று கேட்க நேரமும் இல்லை. பள்ளிக்கூடம் மூழ்கிக்கொண்டிருக்கும் குழந்தை இல்லை. நாம் வருவதற்கு முன்பும் நடந்தது, போன பிறகும் நடக்கும். அங்கே விவரம் தெரிந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்காமல் குதிப்பதற்கு அவசரம் என்ற சாக்கு நமக்குக் கிடையாது.

இன்னொரு வாதத்தைத் தோழர்கள் சொல்வார்கள்: "இது அரசாங்கத்தோட கடமை. நீங்க போய்ச் செஞ்சா அவங்க கை கழுவிடுவாங்க." இதில் உண்மை இருக்கிறது. கான்ட் 1797இல் வெளியான அறவியல் நூலில் இதைவிடக் கூர்மையாக ஒன்றைக் கேட்கிறார். வசதியுள்ளவனிடம் கொடுக்க இவ்வளவு இருப்பதே பெரும்பாலும் அரசின் அநீதியான ஏற்பாட்டால்தானே, அப்படியிருக்க அவன் கொடுப்பதை உதவி என்று சொல்லலாமா என்பது அவர் கேள்வி. நான் படித்த பள்ளியில் ஏழாம் வகுப்பிலேயே கம்ப்யூட்டர் லேப் இருந்தது, எர்த்தோடு. அது என் திறமை இல்லை. ஆனாலும் அரசு செய்யும்வரை காத்திருப்போம் என்று என்னால் இருக்க முடியவில்லை. ஒரு பிள்ளை ஒரே ஒரு வருஷம்தான் ஆறாம் வகுப்பில் இருக்கும்.

*

இந்தச் சமயத்தில்தான், பார்வையற்ற மாணவர்களுக்காகச் சென்னையில் இயங்கும் ஒரு சிறிய அமைப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். 'கம்ப்யூட்டர் கற்றுத்தர' என்று போனேன். முதல் நாள் மவுஸைப் பிடித்துக்கொண்டு, "இங்க க்ளிக் பண்ணா..." என்று தொடங்கினேன். ஒரு கல்லூரி மாணவன் சிரித்துவிட்டு, "அண்ணா, மவுஸ எடுத்து ஓரமா வெச்சிடுங்க. மானிட்டரையும் ஆஃப் பண்ணிக்கோங்க. இப்ப மெயில் அனுப்புங்க பாப்போம்" என்றான். எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவனுக்கு ஒரு நிமிடம்.

அவர்கள் பயன்படுத்தியது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது, தமிழும் படிக்கும். அதற்கு முன் பரவலாக இருந்த திரைவாசிப்பான்களின் விலை சாதாரண மாணவனால் நினைத்துப் பார்க்க முடியாதது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் இதை எழுத ஆரம்பித்தார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். இலவசம், மூல நிரலும் திறந்தது. யாரும் வேன் எடுத்துக்கொண்டு வந்து இறக்கவில்லை. தேவைப்பட்டவர்களே செய்து, மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

அங்கே நான் என்ன செய்தேன்? அவர்கள் கேட்டதைச் செய்தேன். ஸ்கேன் பண்ணிய பாடப்புத்தகப் பக்கங்களை எழுத்துருவாக மாற்றினேன். திரைவாசிப்பான் தடுக்கி விழும் இடங்களைத் திருத்தினேன். போட்டோ எடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

*

திருக்குறளில் ஈகை 23ஆவது அதிகாரம். அதற்கு முன்னால், 22ஆவதாக, ஒப்புரவறிதல் இருக்கிறது. பள்ளியில் இரண்டையும் 'உதவி செய்தல்' என்று ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படிக்கும்போது வேறுபாடு தெரிகிறது. ஈகையில் இல்லாதவனும் இருப்பவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒப்புரவுக்கு வள்ளுவர் தரும் உவமைகளில் ஒன்று ஊருணி, ஊரார் தண்ணீர் எடுக்கும் குளம். அதில் குடம் முக்குகிறவள் யாருக்கும் நன்றி சொல்லிக் குனிவதில்லை. 24ஆவது அதிகாரம் எது தெரியுமா? புகழ். நாங்கள் ஒப்புரவைத் தாண்டிக் குதித்து ஈகைக்குப் போய், அங்கே நிற்காமல் நேராகப் புகழில் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

ஊருணி சும்மா நிறைந்துவிடாது என்பதும் நம் ஆட்களுக்குத் தெரியும். தூர்வார வேண்டும், கரை பார்க்க வேண்டும், வரத்து வாய்க்காலை அடைப்பெடுக்க வேண்டும். அதற்கு ஊர் கூடி உழைக்கும் ஏற்பாட்டுக்குக் குடிமராமத்து என்று பெயர். குளத்தை வெட்டியவர் பெயரைக் கல்லில் பார்க்கலாம். வருஷா வருஷம் தூர்வாரியவர் பெயரை எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீர் நின்றது அவர்களால்.

பள்ளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் தொழில்நுட்பம் கொண்டுபோகும் வேலையை இப்போது நான் மராமத்தாகத்தான் பார்க்கிறேன். கம்பெனிகள் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதனால் பொருளுக்கு அவ்வளவு பஞ்சமில்லை. போன பிறகு திரும்பி வருகிற ஆளுக்குத்தான் பஞ்சம். எர்த் குழி வெட்ட ஆன சில ஆயிரம் ரூபாயை எங்கள் குழுவில் கேட்டபோது, "இதுல எங்க லோகோ வைக்கிறது?" என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பணத்தை நாங்கள் மூன்று பேர் கையிலிருந்து போட்டோம்.

ஹெச்.எம். கேட்டது ரொம்பக் கொஞ்சம். வயரிங் சரியாக வேண்டும். வினாத்தாள் அடிக்க ஒரு பிரின்டர். "அப்புறம் மாசம் ஒரு நாள் யாராவது ஒருத்தர் வந்தாப் போதும் தம்பி. புதுசா எதுவும் கொண்டுவர வேணாம்." எலக்ட்ரீஷியனை வைத்துக் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி எர்த் போட்டோம். நான்கு மெஷின் மட்டும் மேசைக்கு வந்தது. இணையம் நிற்காத ஊர் என்பதால் கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே ஒரு மெஷினில் இறக்கி வைத்தோம். நெட் இல்லாமலே தேடலாம். பிள்ளைகள் முதலில் தேடியது தங்கள் ஊர்ப் பெயரை. அதில் இல்லை. பிறகு விஜய், பிறகு திமிங்கலம்.

2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. உள்ளே போனால் எலி பாதி வயரைக் கடித்து வைத்திருந்தது. ஒரு வருஷம் முன்பு என்றால் "போச்சு" என்று தலையில் கை வைத்திருப்பேன். அன்றைக்கு டேப்பும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். செத்துப்போன மூன்று மெஷின்கள் இன்றும் உறை போட்டு அந்த மூலையில்தான் இருக்கின்றன, ரிஜிஸ்டரிலிருந்து கழிக்க அனுமதி வரவேண்டும். போகும்போதெல்லாம் அவற்றைப் பார்க்கிறேன். ஒன்றில் நான் நேராக ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

எர்த் குழிக்கு ஒரு பழக்கம் உண்டு. காய்ந்துபோனால் வேலை செய்யாது, அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்கள் திங்கட்கிழமை தோறும் ஒரு குடம் ஊற்றுகிறார்கள். ஒரு பேட்ச் போகும்போது அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவனைக் கேட்டேன். "போன வருஷ அண்ணனுங்க" என்றான்.

அந்த ஹெச்.எம். ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது. போன மாதம் வழக்கம்போல, "சனிக்கிழமை வரலாமா மேடம்?" என்று கேட்டேன். "இந்த மாசம் வேணாம் சார். பரீட்சை இருக்கு, பசங்க கவனம் சிதறும். அடுத்த மாசம் நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வேண்டாம் என்று இவ்வளவு சாதாரணமாக ஒருவர் என்னிடம் சொன்னதில் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.